மகளின் எல்.கே.ஜி.க்கு இன்னொரு வட்டிக்கடன் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் வசிக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வாரச் சம்பளம் 3,500 ரூபாய். மகனை எல்.கே.ஜி.யில் சேர்க்க மூன்று ஆண்டுகளுக்கு முன் 3 வட்டிக்கு 40,000 ரூபாய் வாங்கினோம். இன்றுவரை வட்டி மட்டுமே கட்டுகிறோம். மகளுக்கு மூன்று வயது. அதே பள்ளியில் சேர்க்க மேலும் 40,000 வாங்கலாமா? அதுவரை அவள் வீட்டில் இருக்கிறாள். அவளை வைத்துக்கொண்டு பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டும் வேலையைச் செய்ய முடியாததால் வாரம் 600 ரூபாய் வருமானமும் நின்றுவிட்டது. அங்கன்வாடிக்கு அனுப்பினால் கௌரவக் குறைவு என்கிறார் நாத்தனார். மாதம் 1,000 ரூபாய்க்குக் குழந்தைகள் பாலிசி எடுக்கும்படி ஏஜென்ட் ஒருவரும் வற்புறுத்துகிறார். என்னிடம் ஒன்றரைப் பவுன் சங்கிலி இருக்கிறது.

பதில்: சகோதரி, வாங்க வேண்டாம். மாதம் 1,200 வீதம் 36 மாதங்களில் 43,200 ரூபாய் வட்டியாகவே கொடுத்திருக்கிறீர்கள். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இன்னொரு கடன் சேர்ந்தால் சம்பளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும்.

நீங்கள் பணம் புரளட்டும் என்று காத்திருக்கும் இந்த மாதங்கள்தான் அந்தக் குழந்தை பேச்சையும் எண்ணிக்கையையும் மற்ற பிள்ளைகளோடு பழகுவதையும் வேகமாகக் கற்கும் மாதங்கள். அங்கன்வாடியில் கட்டணம் இல்லை. 2 வயது முதலே சேர்த்துக்கொள்கிறார்கள். சூடான மதிய உணவும் முட்டையும் தருகிறார்கள், எடை பார்க்கிறார்கள், பாட்டும் கதையும் விளையாட்டுமாக முன்பருவக் கல்வி நடக்கிறது. கௌரவம் பேசும் நாத்தனார் உங்கள் வட்டியைக் கட்டப்போவதில்லை. எல்லா மையமும் ஒரே தரத்தில் இருக்காது என்பதால் ஒரு காலைப்பொழுது போய் உட்கார்ந்து பாருங்கள்: பணியாளர் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து புளியங்கொட்டையை எண்ண வைக்கிறாரா, சோறு போட்டு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறாரா என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். திருப்தி இல்லையென்றால் பக்கத்து மையத்தைப் பாருங்கள்.

அடுத்து, சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து வட்டிக்கடனை முழுதாக முடித்துவிடுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாத வட்டி 350 ரூபாய்க்குள் அடங்கும். இப்போது கட்டும் 1,200 ரூபாயோடு, மகள் மையத்தில் இருக்கும் நேரத்தில் பிசிறு வெட்டிக் கிடைக்கும் 2,400 ரூபாயையும் சேர்த்துக் கட்டினால் சுமார் ஒரு வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

பாலிசி இப்போது தேவையே இல்லை. 36 சதவீத வட்டிக்குக் கடனை வைத்துக்கொண்டு, அதில் கால் பங்குகூட வளராத திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயை முடக்குவதை என்னால் ஏற்க முடியாது. மகள் பெயரில் ஏதாவது இருக்க வேண்டுமென்றால் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு போதும். ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலே அது உயிரோடு இருக்கும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்கள் தனியார் பள்ளியின் எல்.கே.ஜி.க்கு விண்ணப்பிக்கலாம், உங்கள் கணவரின் சம்பளம் மட்டும் என்றால் அதற்குள் வருகிறது; பிசிறு வெட்டும் வருமானமும் ஆண்டு முழுவதும் சேர்ந்தால் சற்றுத் தாண்டிவிடலாம். அறிவிப்பு வரும்போது வருமானச் சான்றோடு பதிவு செய்யுங்கள். ஆனால் குலுக்கல் முடிவுக்காகக் குழந்தையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அங்கன்வாடிக்கு அழைத்துச் செல்லுங்கள்.