பி.பி.ஏ. பாடங்களை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: பி.பி.ஏ. முதலாண்டில் சேர்ந்திருக்கிறேன். கணக்கியல் என்றாலே பயம். அந்தத் தேர்வைப் பிறகு எழுதிக்கொள்ளலாமா? விருப்பப் பாடமாக எதை எடுப்பது? – வாசகி, மன்னார்குடி.

பதில்: தள்ளிப்போடாதீர்கள். நிதிக் கணக்கியல் புரிந்தால்தான் பின்னால் வரும் மேலாண்மைக் கணக்கியலும் நிதி மேலாண்மையும் பிடிபடும் என்பதால், இப்போதே பேரேட்டையும் (ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியே பதியும் ஏடு) இருப்பாய்வையும் (பற்று, வரவு மொத்தங்கள் சமமா என்று பார்க்கும் பட்டியல்) கையால் எழுதிப் பழகுங்கள். அரியர் விழுந்தால் அடுத்த பருவப் பாடங்களோடு அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும்.

தோழி எடுக்கிறாள் என்பதற்காக விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் பகுதியில் பலருக்கும் இருப்பதுபோல நெல் வணிகமோ அரிசி ஆலையோ குடும்பத் தொழிலாக இருந்தால், சம்பா அறுவடையில் மொத்தமாக வாங்கிய நெல் விற்றுத் தீரும்வரை முதல் எவ்வளவு காலம் மூட்டைகளில் முடங்கிக் கிடக்கிறது என்பதை விளக்கும் நடைமுறை மூலதனப் பகுதி (தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் பணம் பற்றியது) வரும் நிதிப் பாடத்தை எடுத்து, அதில் ஊன்றுங்கள். ஆலையின் கொள்முதல் பதிவேட்டை வைத்தே இறுதியாண்டுத் திட்ட அறிக்கையையும் எழுதலாம். துறைத் தலைவரின் ஒப்புதலை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.