மலைநாட்டுக் குளவிகள், தேனீக்கள், சிலந்திகள்: கேள்வி பதில்

குளவி, தேனீ, சிலந்தி, தேள் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கொட்டுப்பட்டவருக்கு எந்த மருந்தைக் கொடுப்பது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். முதல் சில நிமிடங்களில் அருகிலிருப்பவர்கள் செய்யவேண்டியதை மட்டும் நான் சொல்வேன்.

கேள்வி (பொகவந்தலாவை): அம்மா கொழுந்து பறிக்கும்போது கொட்டுப்பட்டு வைத்தியசாலையில் இருந்தார். துண்டில் குளவி கொட்டு என்று எழுதியிருந்தது. அது தேனீ என்கிறார் அண்ணன். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் அண்ணன் சொல்வது சரியாக இருக்கக்கூடும். கூட்டமாக வந்து கொட்டுவது எதுவானாலும் அதைக் குளவி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. ஆனால் தேயிலை மலைக்கு நடுவே நிற்கும் உயர்ந்த சவுக்கு மரத்திலோ யூகலிப்டஸ் மரத்திலோ, கிளைக்கு அடியில் கறுப்பாகத் தொங்குவது பல இடங்களில் பெருந்தேனீயின் அடையே. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். அதற்கு உறையோ பொந்தோ கிடையாது. ஒரே ஓர் அடை, சில வேளை ஒரு மீற்றருக்கும் மேல் அகலமாக, வெட்டவெளியில் தொங்கும், அதைத் தேனீக்களே தம் உடல்களால் போர்த்தியிருக்கும். தூரத்தில் நின்று பைனாகுலரால் பாருங்கள்: அவை அடுத்தடுத்து வயிற்றைத் தூக்கி இறக்க, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஓர் அலை அடையின் குறுக்கே ஓடி மறையும். வேட்டைக்கு வரும் பெருங்குளவியை விரட்டவே அவை அப்படிச் செய்கின்றன. இந்த மலைகளில் இதைவிட அழகான ஒரு பூச்சிக் காட்சியை நான் கண்டதில்லை.

பெருங்குளவியின் கூடு வேறு மாதிரி. மரத்தை மென்று குழைத்த கூழால் செய்த, சாம்பல் கலந்த பழுப்பு நிறக் காகித உறை அதைச் சுற்றியிருக்கும்; வாசல் சிறியதாக இருக்கும். அதிகம் காணப்படும் இனத்துக்கு உடல் கறுப்பு, வயிற்றின் முதல் இரண்டு வளையங்கள் மட்டும் மஞ்சள். இரண்டாவது வளையம் மாத்திரம் மஞ்சளாக இருந்தால் அது வேறோர் இனம். அது சிறு காகிதக் குளவிகளின் கூட்டைக் கொள்ளையடித்துப் பிழைப்பது.

கொட்டுப்பட்ட உடம்பே நல்ல சாட்சி. தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால், அது தோலில் மாட்டி நஞ்சுப்பையோடு பிய்ந்து தங்கிவிடும்; தேனீ இறந்துபோகும். குளவியின் கொடுக்கு தங்காது. ஒரே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். அம்மாவின் தோலிலிருந்து கொடுக்குகளைப் பிடுங்கினார்கள் என்றால் அது தேனீதான்.

கேள்வி (தலவாக்கலை): கொட்டியவுடன் என்ன செய்ய வேண்டும்? சுண்ணாம்பு தடவலாமா?

பதில்: முதலில் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். தேனீ கொட்டும்போது வாழைப்பழ வாசனையுள்ள ஓர் எச்சரிக்கை வாடை வெளிப்படும்; அதே இடத்தில் நின்றால் மற்றவையும் அந்த வாடையைத் தேடி வரும். கூடையை எறிந்துவிட்டு, படங்கு அல்லது கம்பளியால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, ஓரிடத்தில் நிற்காமல் ஓட வேண்டும். பிறகு தோலில் தங்கிய கொடுக்குகளை உடனே எடுக்க வேண்டும். நகத்தால் சுரண்டுவதா விரலால் பிடுங்குவதா என்ற விவாதம் வேண்டாம். நஞ்சுப்பை பிய்ந்த பின்பும் நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருக்கும் என்பதால் முறையை விட வேகமே முக்கியம்.

மூச்சுத் திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், உடம்பெங்கும் தடிப்பு, தலைசுற்றல், வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த ஒவ்வாமைக்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து; ஒரே ஒரு கொட்டினாலும் அது வரலாம். பல கொட்டுகள் பட்டவர், நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். தசைகள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுவது உடனே வெளியில் தெரியாது; சிறுநீர் சாயத் தேநீர் நிறத்தில் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சுண்ணாம்பு தோலுக்குள் இறங்கிய நஞ்சைத் தொடாது. அதைத் தேடும் நேரத்தில் கொடுக்கை எடுங்கள்.

கேள்வி (நானுஓயா): எங்கள் லயனுக்கு மேலே உள்ள மரத்தில் பெரிய கூடு இருக்கிறது. இரவில் அவற்றுக்குக் கண் தெரியாதாம். பந்தம் கட்டிக் கொளுத்தலாமா?

பதில்: வேண்டாம். பெருந்தேனீ நிலவொளியில் பறந்து பூவுக்குப் போகும் இனம். இரவில் அதற்குக் கண் தெரியாது என்பது தவறு. நெருப்பால் கலைந்த கூட்டம் வெளிச்சத்தை நோக்கி வரும், வெளிச்சம் இருப்பதோ உங்கள் லயன் அறைகளில். அறைக்குள் பிள்ளைகள் தூங்குவார்கள். மரத்தைச் சுற்றியுள்ள பகுதியில் கொழுந்து எடுப்பதை நிறுத்தும்படி வெளிக்கள உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். கூட்டை அகற்றியே ஆக வேண்டுமானால், பாதுகாப்பு உடையும் அனுபவமும் உள்ளவர்களைத் தோட்ட நிர்வாகம் கொண்டுவர வேண்டும். அது நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளி தன் செலவில், தன் உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் வேலையல்ல. பெருந்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்வது. பூக்காலம் முடிந்ததும் பெரும்பாலும் அதுவாகவே அடையை விட்டுப் போய்விடும்.

கேள்வி (பதுளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): வேட்டுவன் என்னும் குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து மண்கூட்டில் அடைத்து, கொட்டிக் கொட்டித் தன் வடிவாக்கிவிடும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். குருவின் அருளால் சீவன் மாறுவதற்குச் சைவ நூல்களில் இதுதான் உவமை. விஞ்ஞானம் இதை ஏற்கிறதா?

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். முன்னோர் கண்டதில் பாதிக்கு மேல் உண்மை. குளவி புழுவைக் கொண்டுவருகிறது, கொட்டுகிறது, அடைத்து மூடுகிறது, சில வாரங்களில் அதே கூட்டிலிருந்து குளவி வெளியே வருகிறது. இவை நான்கும் கூர்ந்து பார்த்தவர்கள் சொன்னவை. மூடிய மண்ணுக்குள் நடப்பதுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

சிறு குடம் போன்ற கூடு கட்டும் குளவியை எடுத்துக்கொள்வோம். வெறுங்கூட்டில் அது முதலில் ஒரு முட்டையிடும். அந்த முட்டை தரையில் கிடக்காது. மெல்லிய இழையொன்றால் கூரையிலிருந்து தொங்கும். அதன்பிறகே புழுக்களைக் கொட்டிக் கொண்டுவந்து நிரப்பும். அந்தக் கொட்டு கொல்வதற்கல்ல, அசையாமல் செய்வதற்கு. செத்தால் அழுகிவிடும், உயிரோடு கிடந்தால் இறைச்சி கெடாது. முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சு அந்தப் புழுக்களைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்து மண்ணைத் துளைத்து வெளியே வரும். புழு குளவியாவதில்லை. புழுவைத் தின்றது குளவியாகிறது.

வீட்டுச் சுவரில் நீளநீளமாக மண் அப்பும் குளவியோ புழுவைத் தொடுவதே இல்லை. அது அடைப்பது சிலந்திகளை. புதிதாக மூடிய அறையொன்றை உடைத்தால், கால்களை மடக்கிய சிறு சிலந்திகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஊசி முனையால் தொட்டால் சிலவற்றின் கால் இலேசாக அசையும். அவற்றில் ஒன்றின் வயிற்றில் வெள்ளையாக, சற்று வளைந்து, முட்டை ஒட்டியிருக்கும்.

அதே ஆசிரியர் மீண்டும்: அப்படியானால் உவமை பொய்யென்று சொல்கிறீர்களா?

பதில்: இல்லை. உவமை சொல்ல வந்தது குருவைப் பற்றியது. குளவியின் வாழ்க்கையைக் கற்பிப்பதற்கு அது எழுதப்படவில்லை. திருமடங்களில் அதை அப்படியே சொல்லுங்கள். விஞ்ஞானப் பாடத்தில் மட்டும் கூட்டை உடைத்துக் காட்டுங்கள்.

கேள்வி (ஹப்புத்தளை): எங்கள் பாட்டி நேரிலேயே பார்த்தவர். மூன்று தலைமுறை கண்டதை ஒரு வரியில் மறுப்பது முறையா?

பதில்: ஒரு வரியில் மறுக்கவில்லை, மேலே மூன்று பந்திகள் எழுதியிருக்கிறேன். பாட்டி கண்டது உள்ளே போனதையும் வெளியே வந்ததையும். இடையில் நடப்பதைப் பார்க்க, மூடிய கூடொன்றைச் சுவரிலிருந்து முழுதாகப் பெயர்த்து, மண்சுவரின் ஒரு பக்கத்தைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டால் மூடி, இருட்டான பெட்டியில் வைத்துத் தினமும் ஒருமுறை பாருங்கள். சிலந்திகள் ஒவ்வொன்றாகக் குறைவதும், அவற்றுக்கு நடுவே வெளிறிய குஞ்சொன்று பருப்பதும் தெரியும்.

கேள்வி (பண்டாரவளை, உயர்தர மாணவி): நான் அப்படியொரு கூட்டைப் போத்தலில் வைத்திருந்தேன். கட்டிய குளவி கறுப்பும் மஞ்சளும். ஆனால் வெளியே வந்தது பச்சையாகப் பளபளக்கும் சிறு குளவி! அப்படியானால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறதுதானே?

பதில்: மகள், இன்றைக்கு வந்த கேள்விகளில் இதுதான் சிறந்தது. நீங்கள் கண்டது குயில்குளவி. குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுவதைப்போல, இதுவும் மற்றக் குளவியின் கூட்டுக்குள் தன் முட்டையை இட்டுவிடும். அதன் குஞ்சு சொந்தக்காரியின் குஞ்சைத் தின்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே கூட்டிலிருந்து இரண்டு விதமான குளவிகள் வரக்கூடும் என்பதே, எது வரும் என்பதை உள்ளே இட்ட முட்டைதான் தீர்மானிக்கிறது என்பதற்குச் சான்று. கொட்டியதால் உருவம் மாறுவதானால், கட்டிய குளவியின் உருவமே வந்திருக்க வேண்டும். பதுளை ஐயாவும் ஹப்புத்தளை நண்பரும் இதைப் படிக்க வேண்டுகிறேன். அந்தப் பச்சைக் குளவியைத் தேதியும் இடமும் எழுதி வைத்துப் பாதுகாத்திருக்கிறீர்களா?

கேள்வி (மஸ்கெலியா): மண்ணெண்ணெய் ஊற்றிக் கூட்டை எரித்தால் என்ன?

பதில்: நானுஓயா அன்பருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எரிக்காதீர்கள்.

கேள்வி (கண்டி): கழிவறைச் சுவரில் உள்ளங்கை அளவு சிலந்தி. புலிமுகச் சிலந்தியா? கடித்தால் சாவா?

பதில்: உடல் தட்டையாக, மயிரில்லாதது போல் தெரிந்து, சுவரில் பக்கவாட்டில் விரைந்து ஓடினால் அது வீட்டு வேட்டைச் சிலந்தி, கரப்பானைத் தின்னும், அதை விட்டுவிடுங்கள். தடித்த, மயிரடர்ந்த கால்களில் கறுப்பு, சாம்பல், மஞ்சள் கோலங்கள் இருந்தால் அது புலிமுகச் சிலந்தி. அது கடித்தால் கடும் வலியும், பல நாட்கள் நீடிக்கும் தசைப்பிடிப்பும் வரும். வைத்தியசாலைக்குப் போக வேண்டும், ஆனால் அதனால் மரணம் நிகழ்ந்ததாகப் பதிவில்லை. இந்தப் பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. செல்லப்பிராணிச் சந்தைக்காகப் பிடித்துக் கடத்துகிறார்கள் என்பதால்தான், வனவுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் 2019இல் இதைச் சேர்த்தார்கள். மரப்பொந்தில் வாழும் உயிர் அது. மரத்தை வெட்டினால் வீட்டுக்குத்தான் வரும். அடிக்காமல், அகன்ற போத்தலால் மூடி, அட்டையை அடியில் செருகி, மரங்கள் உள்ள இடத்தில் விடுங்கள்.

கேள்வி (ஹட்டன்): வண்ணத்துப்பூச்சிகள் சிவனொளிபாதமலைக்குச் சாகப் போகின்றனவா?

பதில்: வண்ணத்துப்பூச்சிகள் என் துறையல்ல. அவற்றை அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி (தலவாக்கலை, தோட்ட உத்தியோகத்தர்): தேயிலைக்கு உதவும் குளவி ஏதும் உண்டா, எல்லாமே தொல்லைதானா?

பதில்: உங்கள் ஊரிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. தேயிலையின் இலைகளை ஒட்டிச் சுருட்டித் தின்னும் புழு ஒரு காலத்தில் இங்கே பெரும் நாசம் செய்தது. அதைக் கட்டுப்படுத்த 1935–36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற மெல்லிய சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மனிதரைத் தொடாது. புழுவுக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்று கொல்லும். புழுவின் தொல்லை அடங்கிப்போனது. பின்னர் 1950களில், தண்டு துளைக்கும் வண்டுக்கென்று டீல்ட்ரின் என்ற நஞ்சைத் தெளித்தபோது இந்தக் குளவியும் மடிந்தது, இலைசுருட்டிப் புழு மீண்டும் தலைதூக்கியது. கூடு கட்டிக் கூட்டமாக வாழும் சில இனங்களுக்காகக் குளவிக் குலம் முழுவதையும் வெறுக்கிறோம். அந்தக் குலத்தின் பெரும்பகுதி தனித்து வாழ்ந்து, புழுவையும் பூச்சியையும் கட்டுக்குள் வைத்திருப்பது. மருந்து தெளிக்க உத்தரவிடும் முன் இதை நினைவில் வைத்திருங்கள்.

கேள்வி (லிந்துலை): கூட்டுக்குக் கீழே புகை போட்டால் போய்விடுமா?

பதில்: எரிப்பதற்குச் சொன்ன பதில்தான் புகைக்கும். மேலே படியுங்கள்.

கேள்வி (வெலிமடை): யாழ்ப்பாணத்தில் தேள் கொட்டி ஆபத்தானதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் விறகுக் கட்டில் பெரிய கருந்தேள் கிடந்தது.

பதில்: யாழ்ப்பாணத்தில் ஆபத்தை விளைவிப்பது சிறிய, செம்பழுப்பு நிற இனம். உங்களுடையதைப் போன்ற பருத்த கொடுக்குக்கைகளுள்ள கருந்தேளின் கொட்டு வலிக்கும், ஆனால் அந்த அளவுக்குக் கொடியதல்ல. விறகை வெறுங்கையால் எடுக்காதீர்கள்.

கேள்வி (கொட்டகலை): ஆண் குளவி கொட்டுமா?

பதில்: கொட்டாது. முட்டையிடும் உறுப்பே கொடுக்காக மாறியிருப்பதால் பெண்ணுக்கு மட்டுமே கொடுக்கு உண்டு. ஆண் குளவியைப் பிடித்தால் வயிற்று நுனியால் குத்துவதுபோல் பாவனை செய்யும். பெரும்பாலான ஆண் குளவிகளுக்கு உணர்கொம்பில் பதின்மூன்று கணுக்கள், பெண்ணுக்குப் பன்னிரண்டு. கணுக்களை எண்ணிப் பழகும்வரை எதையும் கையில் பிடிக்காதீர்கள்.

கேள்வி (ராகலை): மஞ்சளாக ஒன்று பறந்தது. என்ன பூச்சி? கூட்டை எரிக்கலாமா?

பதில்: பக்கவாட்டில் எடுத்த, இடுப்பும் சிறகும் தெளிவாகத் தெரியும் படமொன்றைக் கூட்டை நெருங்காமல் எடுத்து அனுப்புங்கள், பெயர் சொல்கிறேன். எரிக்க வேண்டாம்.