பிங்யாவ் பழைய நகரம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: சீனாவில் பழைய ஊர்கள் எத்தனையோ இருக்க, ஷான்ஸி மாகாணத்துப் பிங்யாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

ப: ஒன்றிரண்டு கட்டடங்கள் இல்லை, ஊரே மதிலோடு நிற்கிறது. மதில் 1370-இல் மிங் வம்ச அரசர் காலத்தில் கட்டியது, சுற்றளவு சுமார் 6 கிலோமீட்டர். ஊர் 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கே: மற்ற ஊர்களில் மதிலை இடித்துவிட்டார்களே, இது எப்படித் தப்பியது சார்?

ப: முதல் காரணம், ஊரில் காசில்லை. இடித்துக் கட்டப் பணம் வேண்டுமே! 1980-களின் தொடக்கத்தில் ஊருக்குள் அகலமான சாலை போடத் திட்டமிட்டு, இடிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது டோங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யீசான் மாணவர்களோடு வந்து மாற்றுத் திட்டம் வரைந்தார்: பழைய ஊரைத் தொடாதீர்கள், புதிய ஊரை மதிலுக்கு வெளியே கட்டுங்கள். பெய்ஜிங்கில் இருந்த வல்லுநர்களிடமும் பேசி இடிப்பை நிறுத்த வைத்தார். அங்கே போகிற ஒவ்வொருவரும் இந்த மனிதரின் பெயரைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பேன்.

கே: அங்கே பழைய வங்கி ஒன்று இருக்கிறதாமே?

ப: ரிஷெங்சாங், 1823. சாயக்கடை நடத்தியவர்கள் தொடங்கியது. வெள்ளியை வண்டியில் ஏற்றி அனுப்பினால் வழிப்பறி பயம், அதனால் ஓர் ஊரில் வெள்ளியைக் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு இன்னோர் ஊர்க் கிளையில் காட்டிப் பணம் எடுக்கிற உண்டியல் முறை. கள்ளச் சீட்டைத் தடுக்க மாதம், தேதி, தொகை எல்லாவற்றுக்கும் ரகசிய எழுத்துகள் வைத்திருந்தார்கள். இப்போது அது அருங்காட்சியகம், அவசியம் பாருங்கள்.

கே: ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாமா?

ப: முடியும், ஆனால் வேண்டாம். மதிலுக்குள்ளேயே பழைய முற்றத்து வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள், ஓர் இரவு தங்குங்கள். பகலில் தெற்குத் தெரு முழுக்கக் கடையும் கூட்டமும்தான். விடிகாலையில் பக்கத்துச் சந்துகளில் நடந்தால்தான் ஊர் தெரியும். அப்புறம் ஊருக்கு வெளியே ஷுவாங்லின் கோயில், அங்கே வண்ணம் தீட்டிய மண் சிற்பங்கள் 2000-க்கு மேல். இதை விட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கே: நான் சைவம், சாப்பாடு கிடைக்குமா?

ப: ஊரின் பேர்போன பண்டம் மாட்டிறைச்சி. ஆனால் ஓட்ஸ் மாவில் குழல் குழலாகச் சுருட்டி ஆவியில் வேகவைக்கும் கவோலாவ்லாவ் இருக்கிறது. குழம்பில் இறைச்சி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கே: 2021 மழையில் மதில் சரிந்ததே?

ப: ஆமாம், அக்டோபரில் உட்புறம் ஒரு பகுதி விழுந்தது. வெளியே செங்கல், உள்ளே இடித்து இறுக்கிய மண். நாள்கணக்கில் மழை பெய்தால் மண் ஊறி இளகிவிடும். தயவுசெய்து மதிலில் தடுப்பு கட்டிய இடங்களில் ஏறாதீர்கள்.