பட்டறைக் கேள்வி-பதில்: மாடல் எஞ்சினுக்கு ஒரு பாய்லர்

எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை பாரம்பரிய ஓட்டமாகப் போய்வந்த இ.ஐ.ஆர். 21 என்ற நீராவி ரயில் எஞ்சினைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்தது. 2010-ல் நம் பெரம்பூர் லோகோ பணிமனையில் மறுபடி உயிர் பெற்றது. அதைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே சின்னதாக ஒன்று செய்து ஓட்ட ஆசைப்பட்டு எழுதியவர்களின் கடிதங்கள் இந்த மாதம் நிறைய. எல்லாமே தண்ணீரைக் கொதிக்கவைத்து எஞ்சினுக்கு நீராவி தரும் பாய்லரைப் பற்றியவை. பணிமனையில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இதில் எனக்கும் ஆசை அதிகம், அக்கறையும் அதிகம். அழுத்தத்தைக் ‘கிலோ’ என்று சொல்லும் இடமெல்லாம், சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று கேஜ், அதாவது அழுத்தமானி, காட்டும் அளவு.

12 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 12 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஒன்று லேத்தில் செய்து முடித்துவிட்டேன். பிஸ்டனின் இரண்டு பக்கமும் நீராவி ஏறும் வகை. பாய்லர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?
— அம்பத்தூர் வாசகர்

பாய்லரை முதலில் வரையாதீர்கள். எஞ்சின் எவ்வளவு குடிக்கும் என்று கணக்குப் போடுங்கள். உங்கள் பிஸ்டன் ஒருமுறை நகர்ந்தால் 1.36 கன செ.மீ. நிரம்புகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 2.7. நிமிடத்துக்கு 500 சுற்று ஓடினால் ஏறத்தாழ 1,360 கன செ.மீ. நீராவி வேண்டும். 2 கிலோ அழுத்தத்தில் ஒரு கிராம் நீராவி சுமார் 600 கன செ.மீ. இடம் பிடிக்கும். அப்படியானால் நிமிடத்துக்கு இரண்டே கால் கிராம் தண்ணீர்தான் செலவு. ஆனால் சின்ன சிலிண்டரில் சுவர் பட்டே நிறைய நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும், பிஸ்டன் கம்பி வெளியே வரும் கிளாண்டிலும் கொஞ்சம் கசியும். அதனால் இரண்டு மடங்கு, அதாவது நான்கரை கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் ஓட்ட 135 மி.லி. தண்ணீர். அவ்வளவுதான்! 75 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. நீளமும் உள்ள செம்புக் குழாய் ஒன்றைப் படுக்கை வாட்டத்தில் வைத்தால் 660 மி.லி. கொள்ளும். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் தண்ணீர் ஊற்றி, பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் உங்கள் அரை மணி நேரம் கிடைத்துவிடும். மேலே காலியாக விடும் இடம் வீண் இல்லை. அது இல்லாவிட்டால் கொதிக்கும் தண்ணீரே குழாய் வழியாக எஞ்சினுக்குப் போய்விடும். இந்த அளவு நீராவிக்கு 200 வாட் வெப்பம் தண்ணீருக்குள் சேர வேண்டும். அடுப்பு தரும் வெப்பத்தில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும் என்பதால், பர்னர் 500, 600 வாட்டுக்காவது இருக்கட்டும்.

“எதற்கும் கொஞ்சம் பெரிதாகவே செய்துவிடலாம்” என்று பலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாய்லரில் ஆபத்து மேலே இருக்கும் நீராவியைவிட, கீழே இருக்கும் சூடான தண்ணீரில்தான் அதிகம். அழுத்தம் 3 கிலோ வரை ஏறினால் அந்தத் தண்ணீர் 143 டிகிரியில் இருக்கும். உடல் கிழிந்து அழுத்தம் சட்டென்று போனால், 100 டிகிரிக்கு மேல் இருக்கும் வெப்பம் முழுவதும் தண்ணீரை அந்தக் கணமே ஆவியாக்கும். அரை லிட்டர் தண்ணீரிலிருந்து 40 கிராம் ஆவியாகும். அது 65 லிட்டர் இடத்தைக் கேட்கும். உங்கள் வேலைக்கு எவ்வளவு தண்ணீர் போதுமோ அவ்வளவு மட்டும் உள்ளே இருப்பதே நல்லது.

ஒன்பதாவது படிக்கும் என் மகன், பழைய 5 லிட்டர் குக்கர் மூடியில் குழாய் பொருத்தி எஞ்சின் ஓட்டப் போகிறேன் என்று நிற்கிறான். வீடியோவில் செய்கிறார்களாம். விடலாமா?
— ஒரு தாய், பல்லாவரம்

விட வேண்டாம் அம்மா. ஏன் என்று அவனுக்குப் புரியவைத்துவிட்டால் அவனே விட்டுவிடுவான்.

குக்கரில் வெயிட் ஏறத்தாழ 1 கிலோ அழுத்தத்தில் தூக்கும், உள்ளே 120 டிகிரி வரை போகும். அந்த வெயிட்டுதான் அதன் சேஃப்டி வால்வு, அதாவது அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விடுவது. இந்தப் பையன்கள் முதலில் செய்வதே வெயிட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குழாய் மாட்டுவது. எஞ்சின் சிக்கி நின்றாலோ, குழாய் மடங்கினாலோ நீராவிக்கு வெளியே போக வழியே இல்லை. மிச்சம் இருப்பது மூடியிலுள்ள சேஃப்டி பிளக் மட்டும். அது கடைசி நேரக் காவலுக்கு வைத்தது. தினமும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை இல்லை. தவிர, மெல்லிய அலுமினிய மூடியில் துளையிட்டு மரை போட்டால் அந்த மரை நிற்காது. உள்ளே இருப்பதோ மேலே சொன்ன சின்ன பாய்லரில் இருப்பதைப்போலப் பல மடங்கு தண்ணீர். பழைய தீயணைப்பு சிலிண்டர், ஃபிரிட்ஜ் கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

ஆனால் பையனின் ஆசையை அணைத்துவிடாதீர்கள். எஞ்சின் காற்றிலும் ஓடும். கார் டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரோடு ரெகுலேட்டர் வைத்து 1 கிலோவில் ஓட்டச் சொல்லுங்கள். டைமிங் (வால்வு திறந்து மூடும் நேரம்) சரிபார்ப்பது, எண்ணெய் விடுவது எல்லாம் அதிலேயே கற்றுக்கொள்ளலாம். நீராவிதான் வேண்டும் என்றால், தீவுத்திடல் பொருட்காட்சியில் தகரப் படகு ஒன்று ‘பட பட’ என்று ஓடுமே, அதைச் செய்யட்டும். தாமஸ் பியோ என்பவர் 1891-ல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதன் இரண்டு குழாயும் தண்ணீருக்குள் திறந்தே இருப்பதால் உள்ளே அழுத்தம் சேராது. விளக்கு எரியும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

பழைய பித்தளைக் குழாய் நல்ல கனத்தில் கிடைத்தது. பாய்லருக்கு ஆகுமா? ஈயப்பற்று போதுமா?
— வியாசர்பாடி வாசகர்

இரண்டுக்கும் ஆகாது என்றுதான் சொல்வேன். பித்தளையில் செம்போடு துத்தநாகம் கலந்திருக்கிறது. சூடான தண்ணீரில் துத்தநாகம் மெல்லக் கரைந்து போய், மிச்சம் கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான செம்பு. வெளியே பார்த்தால் பளபளப்பு குறையாது, வலு மட்டும் போய்விடும். உடலுக்குச் செம்பு; வால்வு, கேஜ் மாட்டும் மரை போட்ட வளையங்களான புஷ்களுக்கு, கன்மெட்டல் அல்லது பாஸ்பர் பிரான்ஸ் என்ற வெண்கல வகைகள். பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் விசாரித்தால் குழாய் கிடைக்கும். கனம் 1.5 மி.மீ. இருந்தால் 75 மி.மீ. விட்டத்துக்கு 3 கிலோ அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை. அழுத்தம், விட்டம் இரண்டையும் பெருக்கி, கனத்தின் இரண்டு மடங்கால் வகுங்கள்: சுவரில் இழுவிசை சதுர செ.மீ.க்கு 75 கிலோ. பதம் இளகிய செம்புகூட 2,000 கிலோ தாண்டித்தான் அறும்.

கவலைப்பட வேண்டியது குழாயின் இரண்டு முனையையும் மூடும் தட்டைகளைப் பற்றி. 75 மி.மீ. வட்டத் தட்டையில் 3 கிலோ அழுத்தம் 130 கிலோவுக்கு மேல் தள்ளும். தட்டையான தகடு அதைத் தாங்காமல் புடைக்கும். அதனால் தட்டின் விளிம்பை மடித்துக் குழாய்க்குள் செருகி, நடுவில் பாஸ்பர் பிரான்ஸ் கம்பியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓடவிட்டுப் பற்றவைக்க வேண்டும். பாய்லர்காரர்கள் ஸ்டே என்பது அதைத்தான்.

ஈயப்பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். தண்ணீர் 143-ல் இருக்கும்போது இடைவெளி எவ்வளவு குறைவு என்று பாருங்கள். தண்ணீர் மட்டம் இறங்கி அந்த இடம் காய்ந்தால் பற்று கழன்றுவிடும். வெள்ளிப்பற்றுதான் வேண்டும், 650 டிகிரிவாக்கில் உருகும் ராடு. கேட்மியம் கலக்காதது என்று கேட்டு வாங்குங்கள், அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்கு வைக்கும் பாஸ்பரஸ் ராடு மலிவு. ஆனால் கரி அடுப்பின் கந்தகப் புகை அதை அரித்துவிடும் என்பதால் பாய்லருக்கு நான் அதைச் சேர்ப்பதில்லை.

டயர் கடை கம்ப்ரஸரில் காற்றடித்து பாய்லரைச் சோதிக்கலாமா?
— பாலிடெக்னிக் மாணவர், தரமணி

தம்பி, கூடவே கூடாது. காற்று சுருங்கும், சுருங்கும்போது சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பற்று விட்டால் அந்தச் சக்தி முழுவதும் தகட்டை வீசி எறியும். தண்ணீர் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. பற்று விட்டால் சொட்டுச் சொட்டாக வடியும், கேஜ் முள் இறங்கும், அவ்வளவுதான்.

சேஃப்டி வால்வைக் கழற்றி அந்தத் துளையை அடை. காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் குளிர்ந்த தண்ணீரால் பாய்லரை முழுக்க நிரப்பு. பிளம்பர்கள் பைப் லைன் சோதிக்க ஒரு கைப் பம்பு வைத்திருப்பார்கள், அதுவே போதும். வேலை அழுத்தம் 3 கிலோ என்றால் 6 கிலோ வரை மெல்ல ஏற்று. ஒவ்வொரு கிலோவுக்கும் நிறுத்தி, தட்டையின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்: புடைக்கிறதா? 6-ல் அரை மணி நேரம் நிறுத்தினாலும் முள் அசையக் கூடாது. அழுத்தத்தை இறக்கிய பின்னும் புடைப்பு அப்படியே நின்றால் அந்த பாய்லரை அடுப்பில் ஏற்றாதே.

அப்புறம் நீராவிச் சோதனை. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சேஃப்டி வால்வை மாட்டி, எஞ்சினுக்குப் போகும் வால்வை மூடி, அடுப்பை முழு வேகத்தில் எரியவிடு. வால்வு 3 கிலோவில் திறந்தால் மட்டும் போதாது. உருவாகும் நீராவி மொத்தத்தையும் அது வெளியே விட வேண்டும். முள் 3.3-ஐத் தாண்டினால் உடனே அடுப்பை அணை, வால்வின் துளை போதவில்லை என்று அர்த்தம். ஸ்பிரிங்கை இறுக்குவதோ தளர்த்துவதோ அதற்கு மருந்தில்லை. பெரிய வால்வு செய். கேஜ் வாங்கும்போது 6 கிலோ வரை காட்டுவதாக வாங்கி, U வடிவில் வளைத்த சின்னக் குழாய் வழியாக மாட்டு. வளைவில் தேங்கும் தண்ணீர் நீராவியின் சூடு கேஜுக்குள் போகாமல் காக்கும்.

எந்தத் தண்ணீர் ஊற்றலாம்?
— வேளச்சேரி வாசகி

போர் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு செம்பின் உள்பக்கம் காரையாகப் படிந்து சூட்டைத் தடுக்கும், சேஃப்டி வால்வு மூடி உட்காரும் இடத்திலும் ஒட்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ, மொட்டைமாடியில் சுத்தமாகப் பிடித்து வடிகட்டிய மழைநீரோ நல்லது. ஏற்கெனவே படிந்திருந்தால் சிட்ரிக் ஆசிட் கரைசலை ஊற்றிவைத்து, நன்றாக அலசிவிடுங்கள்.

லைசென்ஸ் வாங்க வேண்டுமா?
— பெயர் வேண்டாம், மாதவரம்

25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு பாய்லர் சட்டத்துக்குள் வராது. 1923-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ல் புதிய சட்டம் வந்தது. அதிலும் இந்த வரம்பு அப்படியே இருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார். ஒரு நோட்டுப் போட்டு, சோதித்த தேதி, அழுத்தம், வால்வு திறந்த அளவு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பாய்லரை வேறொருவருக்குக் கொடுத்தால் நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். நோட்டு இல்லாத பழைய பாய்லர் உங்களுக்கு வந்தால், புதிதாகச் செய்தது என்றே கருதி முதலிலிருந்து சோதியுங்கள்.

மொட்டைமாடியில் ஸ்பிரிட் விளக்கில் ஓட்டலாமா?
— திருவொற்றியூர் வாசகர்

ஓட்டலாம், ஆனால் சாயங்காலம். பகல் வெயிலில் ஸ்பிரிட்டின் நீலச் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றுவதில்தான் கைகள் வேகின்றன. விளக்கு ஆறிய பிறகே ஊற்றுங்கள். உங்கள் பக்கம் கடற்காற்று வேறு பலமாக வீசும்; மூன்று பக்கமும் தகரத் தடுப்பு வையுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியவில்லை. பயந்து உடனே பம்பை அடித்துத் தண்ணீர் ஏற்றினேன். சரிதானா?
— கொளத்தூர் வாசகர்

சரியில்லை. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் கண்ணுக்கு மறைந்த பிறகு எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. காய்ந்து சிவந்த செம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அழுத்தம் திடீரென்று ஏறும், பற்றும் விரிசல் விடும். முதலில் நெருப்பை எடுங்கள். விளக்கை வெளியே இழுங்கள், கேஸ் என்றால் மூடுங்கள். பம்பைத் தொடாதீர்கள், சேஃப்டி வால்வையும் தூக்காதீர்கள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முள் பூஜ்யத்துக்கு வந்து பாய்லர் தானாக ஆறும்வரை விடுங்கள். ஆறிய பின் உள்ளே காற்று போக ஒரு வால்வைத் திறந்து வையுங்கள். மறுபடி நீராவி ஏற்றும் முன் தண்ணீர்ச் சோதனையை முழுதாகச் செய்யுங்கள்.

கண்ணாடியையும் முழுக்க நம்பாதீர்கள். குழாய் மெல்லியதாக இருந்தால் தண்ணீர் அதில் ஒட்டி, உள்ளே இருப்பதைவிட உயரமாகக் காட்டும், குமிழும் சிக்கும். உட்துளை குறைந்தது 5 மி.மீ. இருக்கட்டும். அடியில் ஒரு சின்ன காக் (திறந்து மூடும் குழாய்த் திருகு) வையுங்கள். ஓட்டும்போது அவ்வப்போது அதைத் திறந்து மூடினால், தண்ணீர் இறங்கி உடனே துள்ளி மேலே வர வேண்டும். மெதுவாக ஊர்ந்து வந்தால் வழி அடைத்திருக்கிறது. நெருப்பை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். கண்ணாடியின் அடிவிளிம்பைச் சுடர் படும் இடத்துக்கு மேலே வருமாறு மாட்டினால், தண்ணீர் கண்ணுக்கு மறையும் நேரத்திலும் செம்பு நனைந்தே இருக்கும். உங்களுடையது கீழே இறங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். அளந்து பார்த்து, புஷ்ஷை மேலே மாற்றிப் பற்றவைத்துவிட்டு எழுதுங்கள்.