கோடை விடுமுறையைப் பற்றி முதலில் கேளுங்கள்

வெள்ளவத்தைத் தங்கச்சிக்கு,

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்த உங்களுக்கு, இரண்டாயிரம் மாணவர்கள்கூட இல்லாத ஓர் அமெரிக்கக் கல்லூரியில் நரம்பு விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பெயர் தெரியாத கல்லூரிக்குப் போகலாமா, குளிரும் சாப்பாடும் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். குளிருக்கு உடம்பு பழகிவிடும், சோறும் பருப்பும் எங்கும் சமைக்கலாம்.

பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் மாமாமார் கேள்விப்பட்டவையெல்லாம் பெரும் பல்கலைக்கழகங்கள்; அங்கே பேராசிரியருக்கும் இளநிலை மாணவருக்கும் நடுவில் முனைவர் பட்ட மாணவர்கள் வரிசையாக நிற்பார்கள். சிறு கல்லூரிகள் பலவற்றில் அந்தப் படிப்பே இல்லாததால், கருவியைத் தொடும் கை உங்களுடையதாகவே இருக்கும். நானும் அப்படியொரு கல்லூரியில்தான் படித்தேன். ஊரில் செருப்பால் அடித்துப் பழகிய கரப்பான் பூச்சியை ஐஸ் தண்ணீரில் மயங்க வைத்து, அதன் காலில் ஊசிகளைச் செருகி, கால் முள்ளைத் தொட்டவுடன் எழும் நரம்புக் கணத்தாக்கத்தை, அதாவது நரம்பில் ஓடும் மின் துடிப்பை, ஒலிபெருக்கியில் சடசடவென்று கேட்டபோதுதான், ரியூசன் வகுப்பில் நான் மனப்பாடம் செய்த படம் எதைப் பற்றியது என்பது விளங்கியது. பேராசிரியர் பக்கத்திலேயே நின்றார்.

ஆனால் ஒன்றை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இத்துறையில் மேற்படிப்புக்கு இடம் தருபவர்கள் புள்ளிகளை மட்டும் பார்ப்பதில்லை. ஆய்வுகூட அனுபவத்தைக் கேட்பார்கள். அந்த அனுபவம் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் கிடைக்கிறது. அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவகம் இளநிலை மாணவருக்குப் பணம் கொடுத்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டம் அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது. என் வகுப்புத் தோழர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு நகரங்களின் ஆய்வுகூடங்களுக்குப் போக, நான் வெறிச்சோடிய விடுதியில் இருந்தபடி, கல்லூரியின் சொந்த நிதியிலிருந்து உதவித்தொகை பெற்று, என் பேராசிரியரிடமே நண்டு நரம்புகளை ஆராய்ந்தேன். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆகவே, வெளிநாட்டு மாணவருக்கும் அப்படியான கோடை நிதி உண்டா என்று உங்கள் கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள். கொழும்பு காலி வீதியில் கந்தோர் திறந்து, மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் சொல்வதில் அவர்களுக்கு இலாபமில்லை.

மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம், அதுவும் கல்லூரிக்குள்தான், வேலை செய்யலாம். பட்டம் பெற்றபின் 12 மாதங்களும், விஞ்ஞானப் பட்டம் என்பதால் தகுதியிருந்தால் மேலும் 24 மாதங்களும் துறைசார் வேலைக்கு அனுமதி பெறலாம். "மூளையைப் படித்து என்ன செய்வாய், கணினி படி" என்று ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் உபதேசிக்கும் உறவினர் எனக்கும் இருந்தார்கள். தாங்கள் எடுத்த பாதையைத் தவிர வேறு பாதையே இல்லை என்று நம்புவது நம் புலம்பெயர்ந்தவர்களின் தீராத வியாதி. அதே சமயம், இந்தப் பட்டம் வைத்தியராவதற்கான வழி என்று அம்மாவிடம் சொல்லியிருந்தால் இன்றே திருத்திச் சொல்லிவிடுங்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை.

உயிரியல் பிரிவில் நீங்கள் இணைந்த கணிதம் படித்திருக்க மாட்டீர்கள். ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானிகள் கணவாயின் பெரிய நரம்பிழையை அளந்து, கணத்தாக்கம் எழும் விதத்தை 1952இல் எழுதியது வகையீட்டுச் சமன்பாடுகளில். இத்துறையை இரண்டாம் வருடத்தில் கைவிட்டவர்களில் நான் கண்ட பலர் உயிரியலில் கெட்டிக்காரர்கள், கணக்கில்தான் இடறினார்கள். புறப்படும் வரையுள்ள மாதங்களில் நுண்கணிதம் சொல்லித்தர ஓர் ஆசிரியரைப் பிடியுங்கள். குளிர்ச்சட்டையை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்.