மாம்பழக்கூழ் ஆலைக்கு மெயிலும் காலண்டரும்: என் தேர்வு சோகோ (SOGo)

வணக்கம் நண்பரே. கிருஷ்ணகிரியில் உங்கள் மாம்பழக்கூழ் ஆலையில் 15 பேரின் போன்களில் மெயிலும் லாரி லோடு காலண்டரும் ஒன்றாக ஓட வேண்டும், அதற்குச் சர்வர் மென்பொருளாக ஜிம்ப்ராவா (Zimbra) சோகோவா (SOGo, Zoho அல்ல) என்று கேட்டிருந்தீர்கள்.

சோகோவையே எடுங்கள். ஜிம்ப்ராவின் இலவசப் பதிப்பில் ஆக்டிவ்சிங்க் (மெயிலையும் காலண்டரையும் போனோடு உடனுக்குடன் ஒத்திசைக்கும் முறை) கிடையாது, காசு கட்டும் பதிப்பில்தான் உண்டு. மெமரியும் நிறையக் கேட்கும். சோகோவில் ஆக்டிவ்சிங்க், கால்டேவ் (காலண்டரை மட்டும் ஒத்திசைக்கும் முறை) இரண்டும் இலவசம்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஆக்டிவ்சிங்க்கில் வரும் ஒவ்வொரு போனும் புது மெயிலுக்காகக் காத்திருக்கும்போது சர்வரில் ஒரு வொர்க்கரை, அதாவது கோரிக்கைகளைக் கவனிக்கும் ஒரு புராசஸை, பிடித்துக்கொள்ளும். 15 போன் என்றால் வொர்க்கர் எண்ணிக்கையை 20க்கு மேல் வையுங்கள். தர்மபுரியில் ஒரு கடைக்கு அமைத்தபோது இதை விட்டுவிட்டேன். காலை 10 மணிக்கு எல்லோர் போனும் நின்றுபோனது. பாவம், அன்று அவர்கள் பட்ட பாடு இன்னும் மனதில் இருக்கிறது.

உண்மையில் எல்லோருக்கும் ஆக்டிவ்சிங்க் தேவையில்லை. ஐபோனில் கால்டேவ் உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டேவ்எக்ஸ்5 (DAVx5) என்ற கால்டேவ் ஆப் போட்டால் போதும். எஃப்-டிராய்டு (F-Droid) ஆப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மெயிலை ஐமேப்பில் (IMAP, போனில் மெயில் படிக்கும் வழக்கமான முறை) விடுங்கள்.

மெயில் ஏற்கெனவே வேறிடத்தில் நன்றாக ஓடுகிறதா? அப்படியென்றால் காலண்டருக்கு மட்டும் ராடிகேல் (Radicale) என்ற கால்டேவ் சர்வர் போதும், மிகச் சிறியது.

அப்புறம், நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று முதலிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் லோடு நேரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டக்கூடும். சீசன் தொடங்குமுன் இரண்டு போனில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். சிக்கல் வந்தால் சர்வரின் லாக் (பதிவுக் கோப்பு) வரிகளை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.