1200 கிலோமீட்டருக்கு 16 க்யூஏஎம் ஏன் எடுபடவில்லை?

தம்பி, ஒளியிழையில் (ஃபைபரில்) 80 கிலோமீட்டருக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் வைத்து, சிமுலேஷனில் 1200 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். ஒளி அலையின் நான்கு நிலைகளில் தகவலை ஏற்றும் க்யூபிஎஸ்கே சுத்தமாக வருகிறது, பதினாறு நிலைகளில் ஏற்றும் 16 க்யூஏஎம் போட்டால் அந்த நிலைகளைக் காட்டும் வரைபடப் புள்ளிகள் எல்லாம் குழம்பிப்போகின்றன என்கிறீர்கள். சிமுலேஷனில் பிழை எதுவும் இல்லை.

நானும் சுங்கை சிப்புட் தோட்டத்துக்காரன்தான், அதனால் இப்படிச் சொல்கிறேன்: கித்தா (ரப்பர்) பால் வாளியை விளிம்புவரை நிரப்பினால் ஒரே நடையில் நிறைய போகும், ஆனால் மேடு பள்ளத்தில் சிந்தும். 16 க்யூஏஎம் அந்த நிரம்பிய வாளி. இரு போலரைசேஷனில் (ஒளி அதிரும் இரு திசைகளில்) க்யூபிஎஸ்கே ஒரு சிம்பலுக்கு, அதாவது ஒரு முறை அனுப்பும் குறிக்கு, 4 பிட், 16 க்யூஏஎம் 8 பிட். அதே சிம்பல் வேகத்தில் 16 க்யூஏஎம்முக்குக் கிட்டத்தட்ட 7 டெசிபெல் கூடுதல் ஓஎஸ்என்ஆர் (ஒளி சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) வேண்டும். தூரம் இரட்டித்தால் அதில் 3 டெசிபெல் போய்விடும். ஆக, க்யூபிஎஸ்கே எட்டும் தூரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கோடு 16 க்யூஏஎம் நின்றுவிடும்.

பவரை ஏற்றிப் பார்த்தீர்களாம். ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் கெர் விளைவு (ஒளியின் பவரே ஃபைபரின் தன்மையை மாற்றி சிக்னலைக் குலைப்பது) வந்து இன்னும் கெடுக்கும்.

விரிவுரையாளர் கேட்ட பழைய ஓஓகே, அதாவது ஒளியை ஏற்றி அணைத்து பிட் அனுப்பும் முறை? நொடிக்கு 10 ஜிகாபிட்டில் டிஸ்பெர்ஷனை (ஒளித் துடிப்புகள் போகப் போக விரிவதை) சரிசெய்யாவிட்டால் 80 கிலோமீட்டரே இழுபறி.

க்யூபிஎஸ்கேயையே வைத்துக்கொள்ளுங்கள். 16 க்யூஏஎம்மை 240 கிலோமீட்டரில் ஓட்டி, இரண்டு வரைபடத்தையும் அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.